மஞ்சள் சட்டைக்குப் போன பந்து

என் சித்தி பதினோரு வருடம் பெண்கள் கால்பந்து லீக்கில் சம்பளத்துக்கு ஆடியவள். அந்தப் பதினோரு வருடத்தில் அவள் போட்டது ஒரே ஒரு கோல். அதுவும் எங்கள் அணியின் வலைக்குள்.

மழை பெய்துகொண்டிருந்த ஒரு நாள், எதிரணி அடித்த பந்தைத் தலையால் தட்டி வெளியே தள்ளப் பார்த்தாள். ஈரப் பந்து நெற்றியில் வழுக்கி, எங்கள் கோல்கீப்பருக்கு மேலாக, யாரோ கையில் எடுத்து வைத்தது போல உள்ளே போய் விழுந்தது. வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா இதைச் சொல்லித்தான் அவளை அறிமுகம் செய்வார்.

"இவங்கதான் என் கொழுந்தியா. பெரிய ஆட்டக்காரி. ஒரு கோல்கூட போட்டிருக்காங்க. எந்தப் பக்கம்னு மட்டும் கேட்காதீங்க."

"மாமா, நீங்க அனுப்புன பஸ்ஸெல்லாம் ஒழுங்கா ஊர் போய்ச் சேர்ந்துச்சா?" என்பாள் சித்தி. அப்பா பஸ் டிப்போவில் டைம் கீப்பர். உடனே அவர் தன் கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்.

சித்தி ஆடியது நடுக்களத்தில், அதிலும் அதன் பின்பகுதியில். அங்கே ஆடுபவர்களுக்குக் கோல் போடுவது வேலையே இல்லை. எதிரணி கொண்டுவரும் பந்தைப் பிடுங்க வேண்டும். பிடுங்கியதைப் பத்திரமான காலுக்குக் கொடுக்க வேண்டும். கொடுத்ததும் அடுத்ததற்கு ஓட வேண்டும். டிப்போவிலிருந்து எந்த பஸ் எந்த நிமிடத்தில் கிளம்ப வேண்டும் என்று அப்பா சொல்கிறார். பயணிகளுக்கு டிரைவரைத் தெரியும், கண்டக்டரைத் தெரியும். அப்பாவை யாருக்கும் தெரியாது. சித்தியின் வேலையும் அப்படிப்பட்டதுதான். அவள் சரியாக ஆடிய நாட்களில் செய்தித்தாளில் அவள் பெயர் வராது.

அவளுடைய உண்மையான திறமை காலில் இல்லை, கழுத்தில் இருந்தது. பந்து தன்னிடம் வந்து சேர்வதற்குள் இடது தோளுக்கு மேலே ஒரு பார்வை, வலது தோளுக்கு மேலே ஒரு பார்வை பார்த்துவிடுவாள். யார் எங்கே நிற்கிறார்கள், யார் ஓடி வருகிறார்கள், எந்தப் பக்கம் காலி என்பதெல்லாம் பந்து காலில் படும் முன்பே அவளுக்குத் தெரிந்திருக்கும். ஒரு ஆட்டத்தில் நான் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். முதல் பாதியில் மட்டும் இருநூற்றுப் பதினெட்டு தடவை திரும்பினாள். அணியில் அவளுக்கு ஆந்தை என்று பெயர். ஆந்தைதான் உடம்பை அசைக்காமல் தலையை மட்டும் பின்னால் திருப்பும்.

அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. ஃபிரிட்ஜைத் திறப்பதற்கு முன்னால் இரண்டு பக்கமும் பார்ப்பாள். பல் தேய்க்கும்போது பார்ப்பாள். ஒருமுறை வங்கியில் வரிசையில் நின்றவள் அப்படித் திரும்பித் திரும்பிப் பார்க்க, காவலாளி மெதுவாகப் பக்கத்தில் வந்து, "யாரைத் தேடறீங்கம்மா?" என்று கேட்டுவிட்டார்.

"அந்தக் கழுத்துக்கு கோச் நான்தான்" என்பாள் அம்மா. அது பொய் இல்லை. அம்மாவும் சித்தியும் சின்ன வயதில் ஒரு பேக்கரிக்குப் பின்னால் இருந்த வீட்டில் வளர்ந்தவர்கள். பந்து உதைக்க இருந்த ஒரே இடம் பேக்கரியின் பின்முற்றம். ரொட்டி ஏற்ற வரும் வேன்கள் எல்லாம் ரிவர்ஸிலேயே உள்ளே வரும். ஒன்பது வயது மூத்தவளான அம்மா படியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே நிமிடத்துக்கு ஒரு முறை கத்துவாள்: "பின்னாடி பாரு." பத்து வருடம் கத்தியிருக்கிறாள். இப்போது அம்மா மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறாள். கால்பந்து விதிகளில் ஆஃப்சைடு என்றால் என்னவென்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது. ஆனால் மைதானத்துக்கு வந்தால் அதே இரண்டு வார்த்தைகளைத் தொண்ணூறு நிமிடமும் கத்துவாள்.

சித்தி பதினேழு வயதில் ஜூனியர் அணிக்குத் தேர்வானாள். காலையில் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் மூடி ஒட்டும் வேலை, இரண்டு மணிக்கு மேல் பயிற்சி. கையில் ஒட்டிய பசை காய்ந்து தோல் போல உரியும். அதை உரித்துக்கொண்டேதான் கோச் சொல்வதைக் கேட்பாளாம். அங்கேதான் முதல் நாளே கொக்கைப் பார்த்தாள்.

கொக்கு நல்ல உயரம். பூட்ஸ் கயிறு கட்டுவதற்கு எல்லோரும் உட்காருவார்கள். அவள் மட்டும் ஒரு காலில் நின்றுகொண்டு மற்றக் காலை மடக்கிக் கட்டுவாள். பெயர் வைக்க யாரும் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. நடுக்களத்தில் இடது பக்கம் அவள் இடம். சித்தி பின்னால், கொக்கு கொஞ்சம் முன்னால் இடது பக்கம். பன்னிரண்டு வருடம் அப்படித்தான் ஆடினார்கள்.

இருபதாவது வயதில் இருவருக்கும் ஒரே நாளில் நீல அணியின் ஒப்பந்தம் கிடைத்தது. கிளப் அவர்களுக்கு ஒரு அறை கொடுத்தது. கீழே டயர் கடை, மேலே அறை. இரண்டு கட்டில், ஒரு ஜன்னல், ஒரு அடுப்பு. காலை ஏழு மணிக்குக் கீழே காற்றடிக்கும் மோட்டார் ஓட ஆரம்பித்ததும் கட்டில் நடுங்கும். அலாரம் வைக்கத் தேவையில்லை. ஆறு வருடம் அந்த அறையில் இருந்தார்கள். அங்கேதான் அந்தப் பழக்கமும் வந்தது. அறை சின்னது என்பதால் எழுந்து போய் எதையும் கொடுக்க மாட்டார்கள், தூக்கிப் போடுவார்கள். துண்டு, சோப்பு, தீப்பெட்டி, முட்டைகூட. போடுகிறவள் திரும்பிப் பார்க்க மாட்டாள். பிடிக்கிறவள் பேச்சை நிறுத்த மாட்டாள்.

எங்கள் வீட்டுக்கு வந்தாலும் இதே கூத்துதான். அடுப்படியிலிருந்து சித்தி சர்க்கரை டப்பாவைத் தோளுக்குப் பின்னால் வீசுவாள். வாசல் நிலையில் சாய்ந்து அம்மாவோடு கதை பேசிக்கொண்டிருக்கும் கொக்கு கையை மட்டும் நீட்டி அதைப் பிடிப்பாள்.

"இந்த வீட்ல எதையும் கையில கொடுக்கவே மாட்டீங்களா?" என்பாள் அம்மா.

"கையில கொடுத்தா ஃபவுல் ஆயிடும்க்கா" என்பாள் கொக்கு.

சித்தியின் இருபத்தாறாவது வயதில் முட்டியில் தசைநார் அறுந்து எட்டு மாதம் ஆட முடியாமல் போனது. கொக்கு பயிற்சி முடிந்து தினமும் அறைக்கு வந்து, கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தவளின் நல்ல காலுக்குப் பந்தை உருட்டுவாள். சித்தி தட்டித் திருப்புவாள். இருநூறு தடவை ஆனதும் இருவரும் சாப்பிடுவார்கள். "நீ தட்டற லட்சணத்துக்கு அடிபட்ட காலே தேவலாம்" என்று சொல்லிக்கொண்டே பந்தைத் தேடிக் கட்டிலுக்கு அடியில் குனிவாளாம் கொக்கு. முட்டி சரியாகிவிட்டது. மழை வருவதை மட்டும் ஒரு நாள் முன்னதாகவே சொல்லிவிடும். அந்த வருடமே சித்தி அறையைக் காலி செய்துவிட்டு எங்கள் வீட்டுக்குக் குடிவந்தாள்.

இரண்டு வருடத்துக்கு முன்பு ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் மஞ்சள் அணி கொக்கைக் கூப்பிட்டது. நல்ல அணி. போகாமல் இருக்க முடியாது.

"அங்க போய் யார்கிட்டடி பந்து வாங்குவே?" என்று கேட்டாள் சித்தி, கொக்கின் பெட்டிமேல் ஏறி உட்கார்ந்து அதை மூடிக்கொண்டே.

"யாராவது கிடைப்பா. உன்னைவிடக் கொஞ்சம் வேகமா ஓடறவளா."

"கிடைக்க மாட்டா. நல்லா அனுபவி."

அதன் பிறகு இரண்டு அணிகளும் மோதியபோதெல்லாம் ஏதாவது ஒன்று குறுக்கே வந்தது. ஒரு தடவை கொக்குக்குக் கணுக்கால் வீக்கம். இன்னொரு தடவை சித்திக்குக் காய்ச்சல். அடுத்த தடவை சித்தி முழு ஆட்டமும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். ஆக, எதிரெதிர்ச் சட்டையில் அவர்கள் ஒரு நிமிடம்கூட ஒரே மைதானத்தில் நின்றதில்லை.

பெஞ்சில் உட்கார்ந்ததற்குக் காரணம் புது கோச். மரியாதையான மனிதர்தான். கையில் எப்போதும் ஒரு டேப்லெட் இருக்கும். அதில் யார் எவ்வளவு தூரம் ஓடினார்கள், எத்தனை கோல், எத்தனை கோலுக்கு உதவினார்கள் என்று எல்லாம் இருக்கும். கழுத்தைத் திருப்பியதற்கு அதில் கட்டம் இல்லை. சித்தியின் இடத்தில் அவர் ஆட வைத்தது பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தியை. அணியில் அவளைப் புதுசு என்றுதான் கூப்பிடுவார்கள். நல்ல பெண். கால் இரண்டும் நல்ல வேகம். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஹேர்பேண்ட் கொண்டுவர மறந்து, "அக்கா, ஒண்ணு இருக்கா?" என்று சித்தியிடம் வந்து நிற்பாள். சித்தி கோபப்பட நினைத்தும் முடியாத ஒரே ஆள் அவள்தான்.

அந்தக் கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. லீக்கின் கடைசி ஆட்டம் முடிந்த மறுநாள் காலை ஒவ்வொருவரின் லாக்கரிலும் ஒரு பழுப்புக் கவர் இருக்கும். அடுத்த வருடமும் வேண்டும் என்றால் உள்ளே ஒப்பந்தம், நாலு தாள். வேண்டாம் என்றால் நன்றிக் கடிதம், ஒரே தாள். யாரும் அங்கே கவரைப் பிரிப்பதில்லை. கையில் எடுத்தாலே தெரிந்துவிடும். எடுத்து, பைக்குள் போட்டு, "சரி, கிளம்பறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். சொல்லும் குரலை வைத்து மற்றவர்கள் தெரிந்துகொள்வார்கள். சித்தி பத்து முறை தடித்த கவர் எடுத்தவள்.

கடைசி ஆட்டத்துக்கு ஒரு வாரம் முன்பு அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டே அம்மாவிடம் சொன்னாள்.

"கோச் கூப்பிட்டுப் பேசினார்க்கா. நடுவுல அடுத்த வருஷத்துக்கு ஒரே ஒரு இடம்தானாம். நானா, புதுசான்னு இன்னும் முடிவு பண்ணலையாம்."

"முப்பத்தொண்ணு ஆச்சு. போதாதா உனக்கு?" என்றாள் அம்மா. அவள் அப்படித்தான் பேசுவாள். மனசில் இருப்பது வேறு.

"போதும்தான். ஆனா நிறுத்தறது நானா இருக்கணும். ஒரு கவர் வந்து என்னை நிறுத்தக் கூடாது. இன்னும் ஒரே ஒரு வருஷம் கிடைச்சா நானே நிறுத்திடுவேன்."

"இதையேதான் போன வருஷமும் சொன்னே."

"போன வருஷம் வெங்காயம் உரிக்காம சொன்னேன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள் சித்தி.

கடைசி ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு. எதிரணி மஞ்சள். எங்கள் மைதானத்துக்குப் பக்கத்திலேயே டிப்போ என்பதால் அப்பா சீருடையோடு நேராக வந்துவிட்டார். நாங்கள் எப்போதும் உட்காரும் இடத்தில், ஐந்தாவது வரிசையில் உட்கார்ந்தோம். ஆட்டக்காரிகள் வரிசையாக வந்தபோது சித்தி அந்தப் பதினோரு பேரில் இல்லை. பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்தாள். மஞ்சள் வரிசையில் கொக்கு எல்லோரையும்விட ஒரு தலை உயரமாக வந்தாள்.

"உட்கார வெச்சுட்டாங்களே" என்றாள் அம்மா.

"கடைசி பஸ் இன்னும் கிளம்பலை" என்றார் அப்பா.

ஐம்பத்தெட்டாவது நிமிடத்தில் எங்கள் நடுக்களத்தில் வேறொரு பெண்ணுக்கு ஆடுசதை பிடித்துக்கொண்டது. கோச் திரும்பி, ஆந்தை என்று கைகாட்டினார். சித்தி எழுந்து மேல்சட்டையைக் கழற்றி, அதைப் பார்க்காமலே பின்னால் வீசினாள். பிடிக்க ஆள் இல்லாமல் அது தண்ணீர்ப் பாட்டில்கள்மேல் விழுந்தது. உள்ளே ஓடினாள். புதுசும் மைதானத்தில்தான் இருந்தாள். அவளை இன்னும் முன்னால் தள்ளி ஆடச் சொன்னார் கோச்.

பத்து நிமிடம் சித்தி அழகாக ஆடினாள். மூன்று முறை பந்தைப் பிடுங்கினாள். ஒரு முறை கொக்கிடமிருந்தே. பிடுங்கிவிட்டு ஓடும்போது கொக்கு பின்னாலிருந்து ஏதோ சொல்ல, சித்தி சிரித்துக்கொண்டே ஓடியது எங்களுக்கே தெரிந்தது.

எழுபத்தோராவது நிமிடம். இது அப்பாவின் கடிகாரப்படி, அதில் தப்பு வராது. ஆட்டம் இன்னும் கோல் இல்லாமல் சமமாக இருந்தது. நடுவட்டத்துக்குக் கொஞ்சம் முன்னால் சித்தியிடம் பந்து வந்தது. வரும்போதே இடது தோள், வலது தோள் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டாள். வலது பக்கத்திலிருந்து இரண்டு மஞ்சள் சட்டைகள் அவளை நோக்கி ஓடி வந்தன. இடது பக்கம், கொஞ்சம் முன்னால், பன்னிரண்டு வருடம் ஒருத்தி நின்ற அதே இடத்துக்கு விலகி வந்து, அந்த உயரமான உருவம் காலியாக நின்றது.

சித்தி கொடுத்தாள். அளந்து வைத்தது போன்ற பந்து. நேராகக் கொக்கின் இடது காலுக்கு.

எங்கள் வரிசை முழுக்க மூச்சு நின்றது. ஆனால் அதைவிடப் பெரிய கூத்து அடுத்த நொடியில் நடந்தது. பந்தைக் கொடுத்ததும் சித்தி வழக்கப்படி முன்னால் ஓடினாள். கொக்கும் வழக்கப்படி பந்தை நிறுத்தாமல், ஒரே தட்டில், தன் அணியின் இரண்டு தடுப்பாட்டக்காரிகளுக்கு நடுவே, சித்தி ஓடும் வழியில் திருப்பி அனுப்பினாள்.

மைதானத்தில் எல்லோரும் ஒரு கணம் சிலை போல நின்றார்கள். மஞ்சள் தடுப்பாட்டக்காரிகள் ஆஃப்சைடு என்று கையைத் தூக்கினார்கள். எல்லைக்கோட்டு நடுவர் கொடியை அசைக்கவே இல்லை. எதிரணிக்காரி தெரிந்தே தட்டிவிட்ட பந்துக்கு ஆஃப்சைடு கிடையாது. அந்தப் பந்தை அனுப்பியது அவர்களுடைய ஆளேதான். எங்கள் பின்வரிசையில் ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"பகல்ல ஆந்தைக்குக் கண்ணு தெரியாதுன்னு சொல்வாங்க. கொக்குக்குமா தெரியலை?"

சித்திக்கு முன்னால் கோல்கீப்பர் மட்டும்தான் இருந்தாள். பதினோரு வருடத்தில் இப்படி ஒரு இடத்தில் அவள் நின்றதே இல்லை. "அடி, அடி" என்று அப்பா எழுந்து நின்று கத்தினார். அவர் சத்தமாகப் பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை. அம்மா பழக்கதோஷத்தில், "பின்னாடி பாரு" என்று கத்தினாள்.

சித்தி பின்னாடி பார்த்தாள். வலது பக்கம் ஒரு நீலச் சட்டை தலைதெறிக்க ஓடி வந்துகொண்டிருந்தது. கோல்கீப்பர் சித்தியை நோக்கிப் பாய்ந்தாள். சித்தி பந்தைப் பக்கவாட்டில் தள்ளினாள். ஓடி வந்தவள் காலியான வலைக்குள் தட்டினாள். கோல்.

போட்டது புதுசு.

மைதானம் ஆடியது. அப்பா மெதுவாக உட்கார்ந்தார். "போச்சு. அந்த ஒரு இடத்தையும் தட்டுல வெச்சுக் கொடுத்துட்டா" என்றார். அம்மா என்னைப் பார்த்தாள். "நான்தானே பின்னாடி பாருன்னு கத்தினேன்?" என்று கேட்டாள்.

மஞ்சள் அணியின் கோச் உடனே கொக்கை வெளியே எடுத்துவிட்டார். அவள் பெஞ்சில் போய்த் தலைமேல் துண்டைப் போட்டுக்கொண்டு குனிந்து உட்கார்ந்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பக்கத்திலிருந்தவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். துண்டை விலக்கிப் பார்த்தால் சிரிப்பு.

ஆட்டம் அந்த ஒரு கோலில் முடிந்தது. நாங்கள் கீழே கம்பி வேலிவரை இறங்கிப் போனோம். இருவரும் வேலிக்கு அந்தப் பக்கம் புல்லில் உட்கார்ந்து சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எதுக்குடி எனக்குக் கொடுத்தே?"

"நீ எதுக்குடி அங்க நின்னே?"

"அது என் இடம். நான் வேற எங்க நிப்பேன்?"

"சரி, வந்த பந்தை வெச்சுக்க வேண்டியதுதானே. எதுக்குத் திருப்பிக் கொடுத்தே?"

"நீ ஓடினியே."

"ஓடினா?"

"நீ ஓடினா நான் கொடுக்கணும். புதுசாவா கேட்கறே?"

அம்மா வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு, "நீ ஏண்டி அடிக்கலை? ஆள் யாருன்னு பார்த்துத்தான் கொடுத்தியா?" என்று தங்கையைக் கேட்டாள்.

"கீப்பர் என்கிட்ட வந்துட்டாக்கா. அவ காலியா இருந்தா. யாருன்னெல்லாம் பார்க்க நேரம் ஏது?"

மறுநாள் காலை லாக்கரில் இருந்த கவரை சித்தி எடுத்தாள். ஒரே தாள்.

பையில் போட்டு, "சரி, கிளம்பறேன்" என்றாளாம். குரல் சரியாகத்தான் வந்தது என்று அவள் சொல்கிறாள். ஆனால் புதுசு ஓடி வந்து கட்டிக்கொண்டு விடவே இல்லையாம். கடைசியில் சித்திதான் ஒரு ஹேர்பேண்டைக் கழற்றி அவள் கையில் வைத்துவிட்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்து பையைச் சாப்பாட்டு மேசைமேல் கவிழ்த்தாள். இரண்டு ஜோடி பூட்ஸ், பாதி தீர்ந்த டேப் சுருள்கள், ஒரு வலி மருந்து டியூப், ஜோடி இல்லாத ஏழு சாக்ஸ், பதினோரு வருடத்துக்கு முன்பு அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் வாங்கிய ஒரு கத்தரிக்கோல். அம்மா அன்று கடைக்கு லீவு போட்டிருந்தாள்.

"அந்த கோல் மட்டும் நீ போட்டிருந்தா" என்று ஆரம்பித்தாள் அம்மா.

"ஒண்ணும் ஆகியிருக்காதுக்கா. கவரெல்லாம் வெள்ளிக்கிழமையே ஒட்டி வெச்சுட்டாங்களாம். ஆபீஸ்ல இருக்கிற பொண்ணு சொன்னா."

"அப்போ நீயே போட்டிருந்தாலும் இதேதானா?"

"இதேதான்."

"நான் கத்தினதால இல்லையே?"

"நீ கத்தினதுக்கும் கவருக்கும் சம்பந்தமே இல்ல."

"அப்பாடா" என்று சொல்லிவிட்டு அம்மா நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு, தான் சொன்னது எப்படிக் கேட்டிருக்கும் என்று புரிந்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். சித்தி அவளைப் பார்த்தாள். முதலில் சித்திக்குச் சிரிப்பு வந்தது, பிறகு அம்மாவுக்கு. இருவரும் மேசையில் கிடந்த சாக்ஸால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அது சிரிப்பினால் மட்டும் வந்த கண்ணீர் என்று நான் எழுத மாட்டேன்.

அடுத்த நாலு நாள் சித்தி வீட்டில் இருந்த பழுதெல்லாம் பார்த்தாள். ஒழுகும் குழாய்க்கு வாஷர் மாற்றினாள். இரண்டு வருடமாகத் திறக்காத ஜன்னலைத் திறந்தாள். காலை ஐந்தரைக்கே எழுந்து, போக இடம் இல்லாமல், மாடிப்படியில் ஏறி இறங்கினாள். ஒருமுறை அட்டைப்பெட்டித் தொழிற்சாலைக்கு ஃபோன் செய்து ஆள் எடுக்கிறார்களா என்று கேட்டாள். எடுக்கிறார்களாம். அதைச் சொல்லிவிட்டு அன்று ராத்திரிச் சாப்பாட்டில் பாதியிலேயே எழுந்து தட்டைக் கழுவினாள். அப்பாகூட கோல் கதையை எடுக்கவில்லை. வீடு ஒரு மாதிரி இருந்தது.

வெள்ளிக்கிழமை மாலை வாசலில் மணி அடித்தது. கொக்கு நின்றாள். அவளுக்குப் பின்னால் மூன்றாவது மாடிக்கு ஏறி வந்த களைப்பில் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு அம்மா நின்றார். கனமான உடம்பு, அதைவிடக் கனமான குரல். வலது கையில் இரண்டு விரல்கள் கோணலாக இருந்தன. மஞ்சள் அணியின் கோச். ஒரு காலத்தில் கோல்கீப்பராக இருந்தவர் என்பது அந்த விரல்களைப் பார்த்தாலே தெரியும்.

"லிஃப்ட் எப்போ சரியாகும்?" என்று கேட்டார் முதலில்.

"நாங்க குடிவந்த நாள்லேர்ந்து அதையேதான் கேட்டுக்கிட்டு இருக்கோம்" என்றாள் அம்மா, நாற்காலியைத் துடைத்துப் போட்டுக்கொண்டே.

சித்தி அடுப்படியில் டீ போட்டாள். எட்டிப் பார்த்து வணக்கம் சொன்னதோடு சரி, வெளியே வரவில்லை. கொக்கு வழக்கம் போல வாசல் நிலையில் சாய்ந்துகொண்டாள்.

"நாலு நொடி" என்றார் கோச் அம்மா. "அந்த நாலு நொடி வீடியோவை எத்தனை தடவை பார்த்தேன்னு எனக்கே தெரியலை. முதல்ல இவளைத் திட்டறதுக்காகத்தான் போட்டேன்."

"திட்டினீங்களா?" என்றாள் அம்மா, ஆவலாக.

"நல்லாத் திட்டினேன். பத்து தடவை பார்த்தப்புறம் இவ காலை விட்டுட்டு உங்க தங்கச்சி கழுத்தைப் பார்க்க ஆரம்பிச்சேன். ரெண்டு பக்கமும் பார்த்திருக்காங்க. மஞ்சள் சட்டையைத் தெளிவாப் பார்த்திருக்காங்க. பார்த்துட்டும் கொடுத்திருக்காங்க. அதுதான் எனக்குப் புரியலை."

"சட்டையைப் பார்க்கலை மேடம்" என்று அடுப்படியிலிருந்து சித்தியின் குரல் வந்தது. "கொக்கு நின்னா. கொடுத்தேன்."

சொல்லும்போதே சர்க்கரை டப்பா அவள் தோளுக்கு மேலாகப் பறந்து வந்தது. கொக்கு கோச்சைப் பார்த்துக்கொண்டே, "ரெண்டு ஸ்பூனா மேடம்?" என்று கேட்டபடி கையை நீட்டி அதைப் பிடித்தாள்.

கோச் அம்மா டப்பாவையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பையைத் திறந்து ஒரு வெள்ளைக் கவரை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"கண்ணை மூடிக்கிட்டுப் பந்து கொடுத்து வாங்கறவங்க ரெண்டு பேரை வேற வேற சட்டையில வெச்சிருக்கிறது வீண். எங்க நடுக்களத்துல பின்னாடி ஒரு இடம் இருக்கு. ஒரு வருஷம். முட்டியை எங்க டாக்டர் பார்ப்பார். எப்படி இருக்கு அது?"

சித்தி கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். "நாளைக்கு மழை வரும்னு சொல்லுது. மத்தபடி நல்லாயிருக்கு."

கவரைப் பிரிக்கவில்லை. கையில் எடுத்து ஒரு முறை நிறுத்துப் பார்த்தாள். "நாலு தாளா?"

"அஞ்சு. எங்க ஆபீஸ்ல கொஞ்சம் வளவளன்னு எழுதுவாங்க."

"நிபந்தனை ஏதாவது இருக்கா?"

"ஒண்ணே ஒண்ணு. நீலச் சட்டை போட்ட யாருக்கும் பந்து கொடுக்கக் கூடாது."

"எழுதிக் கொடுக்கணுமா?"

"இவகிட்ட எழுதி வாங்கிட்டேன்" என்று கொக்கைக் காட்டினார் அவர். கொக்குக்கு டீ புரைக்கேறியது.

அப்பா டிப்போவிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே அம்மா விஷயத்தைச் சொல்லிவிட்டாள். அவர் சித்தியை மேலும் கீழும் பார்த்தார். "மஞ்சள் உனக்கு நல்லாவே இருக்காதும்மா" என்றார். பிறகு பாத்ரூமுக்குள் போய் வெகு நேரம் முகம் கழுவினார்.

மறுநாள் மழை பெய்தது.

புது லீக்கின் முதல் ஆட்டத்துக்கு ஆற்றைத் தாண்டி இரண்டு பஸ் மாறிப் போனோம். அங்கே எங்களுக்கென்று வரிசை எதுவும் இல்லை. கிடைத்த இடத்தில் உட்கார்ந்தோம். ஆட்டம் தொடங்கி எங்கள் பக்கத்தில் யாருக்கும் ஆந்தையை இன்னும் அடையாளம் தெரியாத நேரத்தில், நடுக்களத்தின் பின்பகுதியில் அவளிடம் பந்து வந்தது. "பின்னாடி பாரு" என்று அம்மா கத்த, அறிமுகம் இல்லாத இருபது பேர் திரும்பி அம்மாவைப் பார்த்தார்கள். இடது தோள், வலது தோள். சித்தி இடது பக்கம் தட்டினாள். உயரமான ஒருத்தியின் காலுக்கு அது போய்ச் சேர்ந்தது.

அப்பா கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஏழாவது நிமிஷம்" என்றார். "இந்தத் தடவை சட்டை சரி."

ஆட்டத்தில் தோற்றார்கள், இரண்டுக்கு ஒன்று. சித்தி கோல் போடவில்லை. வீட்டுக்கு வந்து நாலு முட்டை சாப்பிட்டுவிட்டு, ஃபிரிட்ஜைத் திறக்கும் முன் இரண்டு பக்கமும் பார்த்தாள். இந்த வருடத்தோடு நிறுத்திவிடுவதாகச் சொன்னாள். வெங்காயம் எதுவும் அவள் கையில் இல்லை. நாங்கள் யாரும் நம்பவில்லை.